ஈரம் காயாத பாதங்கள்

ஜேமா அண்ணி இரண்டு கைகளாலும் கோலத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "பைத்தியமா அண்ணி உனக்கு? மேடம் இப்பத்தான் கேமராவ வெளிய எடுக்கறாங்க."

உதறிவிட்டு மறுபடி தேய்த்தாள். மார்கசிர மாத வியாழன் லட்சுமி பூஜைக்காக வாசலிலிருந்து படியேறிப் போன லட்சுமி பாதங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைச் சேறாயின.

கடல் எங்கள் ஊரை விழுங்கியபின், நாங்கள் இந்தக் காலனியில் தகரக் கொட்டகைக்குள் வந்து விழுந்து வருஷங்கள் ஆயின. பட்டா மட்டும் வரவில்லை. மேடம் டெல்லிப் பேராசிரியை வசுதா; ஊர் இழந்த பெண்களின் கோலங்களை ஆராய்கிறவர். நாளை புவனேஸ்வரில் அவருடைய கண்காட்சி. நடுச்சுவரில் அண்ணியின் கோலப் படம். பார்க்க வரும் அதிகாரிகளிடம் எங்கள் பட்டாவைப் பற்றிப் பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மொழிபெயர்க்க நான்.

"பட்டா வேணாமா? இந்தத் தகரத்துக்கு அடியிலயே வெந்து சாகணுமா?"

அண்ணி அடுத்த பாதத்துக்கு நகர்ந்தாள்.

"என்னடி குனி, என்ன சத்தம்?" உள்ளேயிருந்து அப்பா இருமினார். "காலந்தி போன் பண்ணானா?"

அண்ணன் காலந்திக்குக் கேரளாவில் ப்ளைவுட் கம்பெனி வேலை. வியாழன் தவறாமல் கூப்பிடுவான்.

"இன்னும் இல்லப்பா."

மேடம் கோபப்படவில்லை. மண்டியிட்டு, அழிக்கிற கைகளைப் படமெடுத்தார். "அற்புதம்," என்றார் இந்தியில். "கடல் ஊரை அழிச்ச மாதிரியே அழிக்கறாங்க. நடுச்சுவருக்கு இதுதான். அப்படித்தானேன்னு கேளு."

எனக்கு உயிர் வந்தது. "தப்பிச்ச அண்ணி. கடலை நெனச்சுத்தானே அழிச்சேன்னு கேக்கறாங்க. ஆமான்னு தலைய ஆட்டு, போதும்."

ஆட்டவில்லை. படியில் மிச்சமிருந்த கடைசிப் பாதத்தையும் துடைத்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தாள்.

"பாதி போட்டுட்டிருக்கறப்ப போன் வந்துச்சு குனி. பட்டாவாவது வரட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு மீதியும் போட்டு முடிச்சேன். தாங்கல. இந்த வாசல்ல இப்ப கோலம் இருக்கக் கூடாது."

"என்ன சொல்றாங்க?" மேடம் என் தோளைத் தட்டினார், கேமராவை இறக்காமல்.

"யாரு போன் அண்ணி?"

"கம்பெனிக்காரன். பலகை அடுக்கு சரிஞ்சிடுச்சாம்." மாவு வழிந்த கையால் என் வாயைப் பொத்தினாள். "கத்தாத. உன் அண்ணன் போயிட்டாரு."