கண் திறந்த படம்

திங்கட்கிழமை அப்பாவின் இடது கண்ணை எடுக்கப் போகிறார்கள். உள்ளே கட்டி. இரண்டு கண்ணும் திறந்திருக்கும் அப்பாவின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஊரில் உள்ளவர்களின் முகங்களைப் படமெடுத்துப் பிழைப்பவள் நான்.

சனிக்கிழமை காலை முன்னறையின் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். நாற்காலிக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, ஃபிளாஷை மாட்டி, வெள்ளைக் குடையை விரித்தேன். வெளிச்சம் குடையில் பட்டுத் திரும்பி மெத்தென்று முகத்தில் விழும். கேமராவின் தலையில், தள்ளி நிற்கும் ஃபிளாஷை அடிக்கவைக்கும் ட்ரிகர் மட்டும்.

அப்பா ஸ்டாண்டைச் சுண்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷ வெல்டர்.

“ஒரு எடத்துலயும் வெல்டிங் இல்ல. எல்லாம் பிளாஸ்டிக். இத நம்பி குடை வேற.”

“உக்காருங்கப்பா.”

எடுத்தேன். மூடியிருந்தார். ஃபிளாஷ் அளவு பார்க்க முதலில் விடும் சின்ன மினுக்கை நிறுத்திவிட்டு எடுத்தேன். மூடியிருந்தார். சொல்லாமல் எடுத்தேன். அதற்கும் மூடியிருந்தார்.

அம்மா வாசற்படியில் சாய்ந்து நின்றாள். “கல்யாண போட்டோவுலயே தூங்குனவரு. இப்பவா முழிச்சுக்கப் போறாரு?”

“நான் என்ன வேணும்னா மூடுறேன்? எடுக்கறதுக்கு முன்னாடி நீ மூச்சப் பிடிக்கிறது காதுல விழுதே” என்றார் என்னிடம்.

பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் இமைகள்.

“பட்டறைல எப்பவும் மாஸ்க் போட்டுட்டுதானப்பா வேலை?”

“ரெண்டு இரும்ப சின்னதா ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுப் பிடிக்கிறதுக்கு யாரு மாஸ்க் போடுவா? கண்ண மூடிக்குவோம். பளிச்சுனதும் தொறந்து பாப்போம், ஒட்டிச்சான்னு.”

“உடனேயா?”

“பின்ன? ஆறுற வரைக்கும் தூங்குவாங்களா?”

ஃபிளாஷின் பவரைக் குறைத்தேன். அப்போதுதான் உடனே இன்னொரு முறை அடிக்கும். படம் எடுக்காமல் ட்ரிகரின் பொத்தானை மட்டும் அழுத்தினேன். பளிச்சென்றது. அப்பா மூடினார். திறந்தார். எடுத்தேன்.

கேமராத் திரையில் அப்பா. இரண்டு கண்ணும் குடையின் பக்கம். ஏதோ ஒட்டியதா என்று பார்க்கும் பார்வை.

“திட்டப் போற மாதிரியே இருக்கு” என்றாள் அம்மா.

அப்பா இடது கண்ணைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். கண்மணியில் குடை சின்னதாக, வெள்ளையாக விழுந்திருந்தது.

“இதுலயா கட்டி?”

“ஆமாப்பா.”

“வெளிய ஒண்ணுமே தெரியலையே.” கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இன்னொண்ணு எடு. உங்கம்மாவும் வரட்டும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினேன். பளிச். பிறகு எடுத்தேன்.

அப்பா திறந்திருந்தார். அம்மா மூடியிருந்தாள்.

“அத அழிச்சிட்டு வேற எடுடி.”

“இருக்கட்டும்” என்றார் அப்பா.