டிசம்பர் சிலிப்

விமானிகளிடம் ஒரு வழக்கம் உண்டு, வெளியில் சொல்ல மாட்டார்கள். வாகனக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பெனிக்காரன் சம்பளச் சிலிப் கேட்டால் டிசம்பர் மாதத்துச் சிலிப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள். டிசம்பரில் வெளிநாட்டுச் சனமெல்லாம் ஊருக்கு வரும், பறக்கிற மணித்தியாலம் கூடும், அலவன்ஸ் கொழுத்து நிற்கும். அந்த ஒரு மாதத்துக் கொழுப்பை நம்பி ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இராமகிருஷ்ணனும் போட்டான். அவன் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவனா?

கறுப்பு ஜீப் ஒன்று. கொழும்பில் பதினாலாம் மாடியில் வாடகை வீடு. நாலு கிரெடிட் கார்ட். சீருடையோடு கடைக்குள் நுழைகிறவனிடம் யாரும் விலை சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. "கப்டன் ஆகப்போறவன் பழைய காரில வரலாமா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் ஏற்றிவிடுவார்கள். அவர்களுக்கும் கழுத்தளவு கடன்தான்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய கடன் கிடந்தது. இராமகிருஷ்ணன் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். நாலு தலைமுறையாகத் தேயிலைக்கு மண் கொத்தியும் ஒரு பேர்ச் அளவு காணிகூடச் சொந்தமில்லாத குடும்பம். அவனுடைய அம்மா வேலாயி, புருசன் இறந்த பிறகு வந்த காசையும் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து, ஹந்தானை வீதியோரம் ஏழு பேர்ச் காணி வாங்கிச் சின்னதாய் ஒரு வீடு கட்டினாள். மகன் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்றதும் அந்தக் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் அடகு வைத்தாள். அவனோ வேலை கிடைத்த பிறகும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தான். உறுதி எங்கே ஓடிப்போகப் போகிறது என்ற நினைப்பு.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்து விமான நிலையத்தை மூடினார்கள். மே மாதச் சிலிப்பில் அலவன்ஸ் இருந்த இடத்தில் பூச்சியம். அடிப்படைச் சம்பளத்திலும் பாதிதான். தவணைக்குக் கொடுத்த சலுகைக் காலம் முடிந்த கையோடு, தொண்ணூறு நாளில் கட்டாவிட்டால் வீடு ஏலம் என்று வங்கிக் கடிதம் ஹந்தானைக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் இருந்ததால் வேலாயி அதைப் பக்கத்து வீட்டு அழகமுத்துவிடம் கொண்டுபோனாள். அழகமுத்து ஆட்டோ ஓட்டுகிறவன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவன் வாசித்ததில் எட்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்தது.

"தம்பி, ஏலம்னு போட்டிருக்காம்," என்றாள் வேலாயி போனில். "வேற யாரு வீட்டுக்கோ வந்தது மாறி வந்திருச்சா?"

 அந்த ஒரு கேள்வி அவனை அறைந்தது போல இருந்தது.

மனைவி யோகராணி கணக்கு டீச்சர். போனை வைத்ததும் அவள் கேட்டாள்: "பிளேனுக்கு எவ்வளவு எண்ணெய் ஏத்துவீங்க?"

"போற எடத்துக்கு. அங்க எறங்க முடியலேன்னா அடுத்த ஏர்போட்டுக்கு. அதுக்கும் மேல அரை மணி நேரத்துக்கு."

"நம்ம வீட்டுக்கு?"

அவன் பர்ஸைத் திறந்து பார்த்தான்.

"கையில உள்ள காசு பதினோரு நாளைக்கு இருக்கு," என்றாள் யோகராணி. "மேல அவ்வளவு பயப்படுறீங்க. கீழ மட்டும் எங்க இருந்து வந்துச்சு இந்தத் தைரியம்?"

அந்த மே மாதச் சிலிப்பை அவள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். இனி அதுதான் சம்பளம், அதற்கு மேலே ஒரு ரூபாய் வந்தாலும் உறுதியை மீட்க என்றாள். கார்டுகளை அவன் கையாலேயே வெட்ட வைத்தாள். வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த நேரம், பழைய வாகனத்துக்கு ராஜ மரியாதை. ஜீப்பை விற்று லீசிங்கை முடித்து, ஏலத்தைத் தள்ளிப்போட வங்கிக்கும் கொஞ்சம் கட்டிவிட்டு, இருவரும் ஹந்தானை வீட்டுக்கே குடிவந்தார்கள். யோகராணி கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்தாள். இராமகிருஷ்ணன் சீருடையைப் பையில் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பைலட்டுக்கு வேல போயிருச்சாமே?" என்று அழகமுத்து நேரேயே கேட்டான். இராமகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பயணிகள் இல்லாமல் சரக்குப் பெட்டி மட்டும் ஏற்றிப் போகிற விமானப் பயணங்களுக்கு, மற்ற விமானிகள் முகம் சுளித்தபோது, முதலில் கை தூக்கியவன் அவன்தான்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டு. டொலர் ஏறியது. வெளிநாட்டில் தங்கும்போது டொலரில் கொடுக்கிற படிக்காசு, ரூபாயில் இரண்டு மடங்கானது. அவ்வளவையும் அவன் வங்கிக் கடனின் அசலில் கட்டினான். நாட்டில் பெட்ரோல் இல்லை. சக விமானிகள் பெரிய பெரிய வாகனங்களோடு இரண்டு நாள் வரிசையில் கிடந்தார்கள். ஒரு விடியற்காலை அப்படி ஒருவர் வரிசையிலேயே மாட்டிக்கொள்ள, அன்று மத்தியானப் பயணத்துக்கு இராமகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவன் சீருடையைப் பையில் ஒளிக்கவில்லை. அதைப் போட்டபடியே கண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறி, இறங்கி பஸ் பிடித்து, நேரத்துக்கு விமான நிலையத்தில் போய் நின்றான். அதுவரை அவனைப் பஸ் பைலட் என்று சிரித்த சக விமானிகள்தான் அன்று அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவன் மனசு அப்படிக் குளிர்ந்தது.

அடுத்த வருடம் கடைசித் தவணை. வங்கி முகாமையாளர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, உறுதியைக் கையில் கொடுத்தார். அதோடு இன்னொரு படிவத்தையும் நகர்த்தினார்.

"இனி நீங்கள் ஒரு நல்ல வாகனம் எடுக்கலாம் சேர். சம்பளச் சிலிப் ஒண்டு காட்டினால் காணும். டிசம்பர் சிலிப் எண்டால் இன்னும் நல்லது."

இராமகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். நாலு மூலையிலும் டேப் உரிந்த தழும்பு.

ராஜலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "இது இருபதாம் ஆண்டுச் சிலிப் எல்லோ. இதுக்கு ஒண்டும் தர ஏலாது சேர்."

"அதேதாங்க எனக்கும் வேணும்," என்றான் இராமகிருஷ்ணன். தேத்தண்ணியைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தான்.

வீட்டு வாசலில் வேலாயி நின்றாள். உறுதியை வாங்கித் தடவிப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய் வைப்பாள் என்று நினைத்தால், நேரே பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். இராமகிருஷ்ணனும் யோகராணியும் பின்னாலேயே போனார்கள். அழகமுத்து ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அன்னக்கி ஏலக் காயிதத்த எட்டு வீட்டுக்கும் கேக்க வாசிச்சியே. இதயும் வாசி."

அழகமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வடக்கே வீதி, கிழக்கே ஓடை என்று எல்லைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. விஸ்தீரணம் ஏழு பேர்ச். சொந்தக்காரர், பெருமாள் வேலாயி.

"கடைசியா சொன்னது கேக்கல," என்றாள் வேலாயி. "இன்னொருக்கா வாசி."