மேட்டுத்தெருவில் கடைசியாக வந்தவன்

ஓசூரில் சைக்கிள் ரேஸ் நடந்த ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன சௌந்தரராஜன், ரேஸ்காரர்கள் எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக மேட்டுத்தெருவில் ஏறி வந்தான். போனபோது அவனுக்கு வயசு இருபத்தெட்டு. வந்தபோதும் இருபத்தெட்டுதான். அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். பேரிகைப் பக்கம் மழை இல்லை.

அவனை முதலில் பார்த்தவர் கோவிந்தன். இரும்பு வார்க்கிற கம்பெனியில் கொதிக்கிற குழம்பை ஊற்றி ஊற்றியே ரிட்டயர் ஆனவர். படிப்பு மூணாவதோடு சரி, நம்பிக்கை அதுக்கும் கீழே. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு ஜீப் போனால், சாணத்தைக் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டார். ரேஸ் வரப்போகிறதென்று தெருக் குழிகளையெல்லாம் ஒரே வாரத்தில் மூடினதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதிலும் வரப்போகிறவர்கள் சைக்கிள் ஓட்ட மாசச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று பக்கத்து வீட்டுப் பூக்கார மாரம்மா சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "சைக்கிள் மிதிக்கச் சம்பளமா? அப்படிப் பாத்தா நாங்கல்லாம் ரெண்டு சம்பளம் வாங்கியிருக்கணுமே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் கம்பெனி பஸ் கிடையாது. விடிகிறதுக்கு முன்னால் மேட்டுத்தெருவில் சைக்கிள்தான் ஆறு மாதிரி ஓடும். காக்கிச் சட்டையும் ஹாண்டில்பாரில் சோத்து டப்பாவுமாகத் தமிழ்க்காரன், கன்னடக்காரன், தெலுங்குக்காரன் எல்லோரும் மூச்சிரைத்துக்கொண்டு ஏறுவார்கள். மூணு பாஷையிலும் கெட்ட வார்த்தை பறக்கும், ஒருத்தனுக்கும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்காது. மலைக்கோயில் திருப்பத்துக்குள் எவன் காலைத் தரையில் ஊனுகிறானோ அவன்தான் மொத்தக் கும்பலுக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இது கும்பல் சட்டம். கோவிந்தன் எத்தனையோ நாள் வாங்கித் தந்திருக்கிறார். விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்த சௌந்தரராஜன் மட்டும் ஒருநாளும் காலை ஊனினதில்லை. செயின் கழன்ற அன்றைக்குக்கூடச் சுவரைக் கையால் பிடித்து நின்றானே ஒழிய இறங்கவில்லை. கோவிந்தனுக்கு இப்போதும் விடியக்காலையில் முழிப்பு வந்தால் காதுக்குள் அந்தச் சைக்கிள் மணிச்சத்தம் கேட்கும். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார்.

அப்படி ஏறின ஒரு காலையில் கும்பல் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தது, பின்னால் வந்துகொண்டிருந்த சௌந்தரராஜனைக் காணோம். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. தேடப் போன போலீஸ்காரர்கள் யானை அடித்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். "யானை ஆளை மிதிக்கும், சரி. சைக்கிளை எங்க எடுத்துக்கினு போச்சு, ஓட்டறதுக்கா?" என்று கேட்டார் கோவிந்தன். அவர் கணக்கே வேறு. அவன் அத்திப்பள்ளி தாண்டி எவளோடயோ குடித்தனம் வைத்திருப்பான் என்று சௌந்தரராஜன் பெண்டாட்டி முத்துமணியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். எதிர்வீட்டுக்காரியான அவள் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். ரோஜா பண்ணையில் பூ வெட்டிக் கட்டுக் கட்டுகிற வேலைக்குப் போனாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தாலியைக் கழற்றச் சொன்னபோது சோறு போட்டுப் பஸ் ஏற்றிவிட்டாள். முள் கிழித்துக் கிழித்துக் கை காய்த்தது, முடி நரைத்தது, முழங்கால் போனது. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ரேஸ் அன்றைக்கு மூங்கில் கட்டித் தெருவை அடைத்தார்கள். லாரி, பஸ், ஆட்டோ ஒன்றும் இல்லை. ஜனங்கள் காலையிலிருந்து வெயிலில் காத்து நின்றார்கள். கடைசியில் கலர் கலராக ஒரு கும்பல் வந்தது, உஸ்ஸென்று ஒரு காற்று, அவ்வளவுதான். கோவிந்தன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி முடிக்கவில்லை. "இவ்ளோதானா?" என்று நிமிர்ந்தவர், காலியான மேட்டில் காக்கிச் சட்டை ஒன்று ஏறி வருவதைக் கண்டார். "நோடு நோடு, சௌந்தரண்ணா!" என்று கன்னடத்தில் கத்தினாள் மாரம்மா. சினிமாக்காரன் வேலை என்று கோவிந்தன் கேமராவைத் தேடினார். ஆனால் வந்தவனின் இடது காதோரம், கம்பெனியில் ஒருநாள் இரும்புக் குழம்பு தெறித்துச் சுட்ட தழும்பு இருந்தது. அன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினதே கோவிந்தன்தான். அப்புறம் அவர் கேமராவைத் தேடவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாக அந்தத் தெருவில் வண்டி ஓயவே இல்லை, அதனால்தான் அவனுக்கு வெளியே வர இடைவெளி கிடைக்கவில்லை என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். வேறு காரணம் யாரும் சொல்லவில்லை.

முத்துமணி முழங்கால் வலியோடு ஓடிவந்து மூங்கிலுக்குள் நுழைந்தாள். அவன் மணியடித்தான். "தள்ளி நில்லுங்கம்மா, இடிச்சிரப் போகுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ரேஸ் மலையைச் சுற்றி ஏரிக்கரை வழியாக இறங்கித் திரும்பத் திரும்ப அதே மேட்டில் ஏறுவது. இன்னும் இரண்டு சுற்று என்று ஸ்பீக்கரில் சொன்னார்கள். கோவிந்தன் தெருவைத் தாண்டி அவளிடம் போனார்.

"ஏம்மா, அவனுக்கு இது அதே நாளு காலை. உன்னக் கெழவின்னு நெனச்சிக்கினான். பேரச் சொல்லிக் கூப்புடு."

"கட்டுன புருஷன் பேரையா?" முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவரிடம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

"ஆஸ்பத்திரியில புருஷன் பேரு கேட்டாக்கூட மாரம்மாவச் சொல்லச் சொல்லுவ, தெரியும். ரேஸு முடிஞ்சா ரோட்டத் தொறந்துருவாங்க. அப்புறம் லாரிகிட்ட கேளு உன் புருஷன."

அடுத்த சுற்றில் அவன் வந்தபோது அவள் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அவன் போய்விட்டான். கடைசிச் சுற்றில் கலர்ச் சட்டைகள் எல்லாம் போய், கை தட்டினவர்களும் கலைய ஆரம்பித்த நேரத்தில் அவன் தலை தெரிந்தது. முத்துமணி நடுரோட்டில் நின்று தெருவே கேட்கக் கத்தினாள்: "சௌந்தரராசா! ஏய், சௌந்தரராசா!"

அவன் திரும்பினான். தன் பேரை அந்தக் குரலில் அவன் கேட்டதே இல்லை. ஆனாலும் குரல் தெரிந்தது.

"முத்து? நீ எதுக்குடி வெயில்ல நிக்கிறே? தலையெல்லாம் என்ன, மாவா?"

"எறங்கி வாய்யா."

"எறங்குனா அம்புட்டுப் பேருக்கும் நாந்தேன் டீ வாங்கணும். ஏறிக்க."

அறுபது வயசுக்காரி சேலையைச் செருகிக்கொண்டு, ஓடுகிற சைக்கிளோடு நாலு எட்டு ஓடி, கேரியரில் பக்கவாட்டில் தாவி உட்கார்ந்தாள். பாரம் தாங்காமல் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் பாதம் தரையைத் தொடப் பார்த்தது. கோவிந்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு மூங்கிலை ஒதுக்கி ஓடிப்போய், கேரியரைப் பிடித்துத் தள்ளினார். "பெரியவரே, தள்ளக் கூடாது, ஆளை ரேஸை விட்டுத் தூக்கிருவாங்க!" என்று விசில் ஊதினான் ஒரு பையன். "அவன் முதுகுல நம்பரே இல்லியேடா, யாரத் தூக்குவீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் திருப்பம் வரைக்கும் தள்ளினார். அங்கே கையை விட்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

ஜெயித்தவர்களுக்கு மாலை போட்டார்கள், மூங்கிலை அவிழ்த்தார்கள், லாரிகள் வந்தன. மறுநாள் விடியக்காலையில் ரெண்டு பேரும் சைக்கிளில் மேட்டுத்தெருவில் ஏறிப் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள், இறங்கவே இல்லை. இப்போது கம்பெனி பஸ் டிரைவர்கள் அந்த நேரத்துக்கு மேட்டடியில் வண்டியை நிறுத்திப் பீடி பற்ற வைக்கிறார்கள். ரேஷன் கடைக்காரர் மாசம் ஒருநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுகிறார், முத்துமணி கேரியரிலிருந்து கையை நீட்டி ரேகை வைக்கிறாள். தீபாவளிக்கப்புறம் அவள் முடியில் பாதி கறுத்துவிட்டது என்கிறாள் மாரம்மா. சாயம் என்கிறார் கோவிந்தன். ஆனால் இப்போது விடியலில் போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பதில்லை, வாசலில் வந்து நிற்கிறார். மழை நாளில் முத்துமணி புருஷன் தலைக்கு மேல் குடையை நீட்டிப் பிடித்தபடி போகிறாள், அவள் முதுகு நனைகிறது.