சாட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது

1

இந்தக் கதை நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது கிடைத்தது.

கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மூன்று தடவையும் டாக்டரின் உதவியாளர், எச்சில் உறிஞ்சும் குழாயை என் வாயில் பிடித்துக்கொண்டே, தன் கல்யாணக் கதையை டாக்டரிடம் சொன்னாள். நடுவில் ஒரு மனிதன் படுத்திருக்கிறான் என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு நூறு கேள்விகள் இருந்தன. "ஆ" என்பதைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை. ஆகவே இதில் முக்கால் பங்கு அவள் சொன்னது, கால் பங்கு நான் அடைத்தது. (பல்லிலும் ஏறக்குறைய அதே கணக்குதான்.)

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஏரியின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், மணப்பெண்…"

வேண்டாம். அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை.

"திருமணம் என்பது இருவர் சம்பந்தப்பட்டது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், சமூகவியல் நோக்கில்…"

இதை என் மனைவியே படிக்க மாட்டாள்.

மூன்றாவது, ஒரு ஃபோனில் ஆரம்பிக்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

2

"எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டார் ஏரிக்கரை விடுதியை நடத்தும் அம்மா.

"ரெண்டு பேர்" என்றாள் நம் உதவியாளர்.

"பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டு ரெண்டு பேரா?"

"பொண்ணு மாப்பிள்ளைதாங்க அந்த ரெண்டு பேர்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை. அந்த அம்மா யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரும்மா அழுவாங்க?"

"யாரும் அழ வேணாம்னுதாங்க அங்க வர்றோம்."

"சரி, ரெண்டுன்னே எழுதிக்கறேன். மாறினா சொல்லுங்க." பிறகு, ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பதுபோல், "மாறும்" என்றார்.

இவளுக்கு வயது முப்பத்தாறு. நான்கு வருஷங்களுக்கு முன்னால் இவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி, நானூறு பேரைக் கூப்பிட்டு, விடிந்தால் கல்யாணம் என்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. (எனக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து டாக்டர் துளைபோடும் கருவியை ஓட்டினார்.) அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் பேசினார்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

இந்தத் தடவை யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் திட்டம். சொந்த ஊரைவிட்டு ஆறு மணி நேரப் பயணத்தில் ஓர் ஏரி, ஒரு சின்னப் பதிவு அலுவலகம், இரண்டு கையெழுத்து, மத்தியானச் சாப்பாடு.

3

மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மருத்துவமனைக் கட்டடத்தின் லிஃப்ட் ஒருநாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றபோது, உள்ளே இவள் இருந்தாள். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும் என்று அது சொல்லவில்லை. "இருபது நிமிஷம் ஆகும். உக்காந்துக்கோங்க" என்றது. சரியாக இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இடத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவனைக் கதையில் விட்டால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். குறட்டை விடுவான் என்று ஒரு வரி சேர்த்தேன். [அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள்.] நல்லவேளை, அவனுடைய பெரியத்தை ஒரு வழி காட்டினார்.

"நாங்க யாரும் வரலப்பா. நீங்க நிம்மதியா பண்ணிக்கோங்க" என்றார் பெரியத்தை. "ஆனா அந்த ஏரியைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அன்னிக்குத்தான் எனக்கும் தோதுப்படுது. வழியில பாத்தா, யாரோ எவரோன்னு போயிடறேன்."

கல்யாணம் ஒரு மாசம் தள்ளிப்போய்விட்டது என்று அவன் அத்தையிடம் சொல்லிவிட்டான். ஆக, பொய் சொல்லத் தெரிந்தவன். எனக்கு நிம்மதியாயிற்று.

அவள் வீட்டில் அப்பா மட்டும்தான். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். நான்கு வார்த்தை இருக்கிற இடத்தில் மூன்றை வெட்டிவிடும் பழக்கம் பேச்சிலும் தொற்றியிருந்தது. அவரிடம் சொல்ல அவள் இரண்டு வாரம் தயாரானாள்.

"அப்பா, நாங்க ரெண்டு பேர் மட்டும் போய்ப் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீங்ககூட…"

"சரிம்மா."

வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கேட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

கல்யாண நாள். காலை பதினோரு மணி. இரண்டு சாட்சிகள் வேண்டும். விடுதியின் சமையல்காரரும் படகோட்டியும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் அழகாகக் கையெழுத்துப் போட்டார். படகோட்டி அடையாள அட்டையை நீட்டினார். சட்டையோடு சேர்த்து அதையும் துவைத்திருந்தார்.

அதிகாரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல இருக்கறது நீங்களா, உங்க படகா?"

"நான்தான் சார். நல்லா உத்துப் பாருங்க."

"ஒரு மணிக்கு மூடிடுவேன். அடையாளம் உள்ள ஆள் யாராவது கொண்டாங்க."

பிறப்புச் சான்றிதழுக்காகக் கைக்குழந்தையோடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் உடனே எழுந்தார். "நான் போடறேன் சார். கல்யாணம்னா யாரா இருந்தா என்ன?" குழந்தையைப் படகோட்டியிடம் கொடுத்துவிட்டுப் பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார்.

"ஒரு நிமிஷம்" என்று அவள் வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டாள்.

"அப்பா, கையெழுத்துப் போடப் போறோம். சொல்லலாம்னுதான்."

"சரிம்மா."

அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "என்னப்பா, எதுக்கெடுத்தாலும் சரிம்மா, சரிம்மா? வரணும்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா? என்னை நெனச்சா வெக்கமா இருக்கா?"

"வெக்கமா? உன்னையா?" அப்பா இப்போது எதையும் வெட்டாமல் பேசினார்.

"அன்னிக்கு நீ ரூமுக்குள்ள இருந்த. எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்ல முடியலம்மா. மண்டப வாசல்ல நின்னுக்கிட்டேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கல்யாணம் இல்லைங்க, மன்னிச்சுக்கோங்க, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். காலைல ஆறு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும். நீ ரெண்டு பேர் மட்டும்னு சொன்னதும்… அப்பாடா, இந்தத் தடவை வாசல்ல யாரும் நிக்க வேணாம்னு இருந்துச்சு. அதான் சட்டுனு சரின்னேன். வேற ஒண்ணும் இல்லம்மா."

நான்கு வருஷத்தில் இதை அவர் சொன்னதேயில்லை. அவளும் கேட்டதில்லை.

"அவளுடைய கண்களிலிருந்து முத்து முத்தாக…"

இல்லை. இந்த இடத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. குழாயைப் பிடித்திருந்த கை மட்டும் கீழே தாழ்ந்துவிட்டது. என் வாய் நிரம்பி வழிந்தது. டாக்டர் "குழாய், குழாய்" என்று கத்தினார்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், குழந்தையோடு வந்த சான்றிதழ்க்காரர் கையெழுத்துப் போடுகிறார், எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். இன்னொன்றில், அப்பா அங்கேயே ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்படுகிறார். இரண்டாவதை எழுதிய கைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். நடந்தது இரண்டுமே இல்லை.

அவள் உள்ளே வந்தாள்.

"நாளைக்கு வரலாமா சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, மாப்பிள்ளை பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு சார். ஓர் ஆள் குறையுது."

"ஆள்தான் இங்க பேனாவோட நிக்கறாரே!"

"இவர் இல்ல சார்."

சான்றிதழ்க்காரர் மனமில்லாமல் மூடியைப் போட்டார். எந்த வார்த்தைக்கு நான்கு வருஷமாக அவள் பயந்தாளோ, அதை இப்போது அவளே சொல்லியாயிற்று: கல்யாணம் இன்றைக்கு இல்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான் அவன்.

"ஆறு மணி நேரம். பஸ்."

"சரி, உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாள் லீவு கேட்கத் தன் மேலாளருக்கு ஃபோன் போட்டான்.

அவள் மறுபடியும் வராந்தாவுக்குப் போனாள். "அப்பா, கெளம்பி வாங்க."

இந்த முறை அவர் சரிம்மா என்று சொல்லவில்லை. "எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" என்று கேட்டார்.

சாயங்காலம் பஸ் வந்தது. அவர் இறங்கினார். இதுவரை எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அந்த அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை அவள் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. நானாகக் கட்டிவிடலாம், கால் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் அவள் அழைத்தது ஒருவரைத்தான். என்னையும் அழைக்கவில்லை, உங்களையும் அழைக்கவில்லை.

போகாமல் இருக்க முடியாது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரியைச் சிரிக்க வையுங்கள், பெரியத்தையை எப்படியாவது மோப்பம் பிடிக்க வைத்துக் கூட்டி வாருங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. அந்த மனுஷனுக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். வாசலில் நிற்க வைக்காதீர்கள்.