எலும்பில் ஊதும் காற்று

ரத்தப் புற்றுநோய் குணமாகி மலையூரான நாரினுக்குத் திரும்பிய வசந்தத்தில், ஒன்பது வயது சைகாலின் எலும்புகள் காற்றடித்தால் குழல் போல ஊதத் தொடங்கின. ஆற்றோரத்து ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அவள் அம்மா சூராகானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிஷ்கெக் மருத்துவமனையில் மகளுடன் இரண்டு வருடம் கிடந்தவளுக்கு அதைவிட மோசமான ஓசைகள் பழக்கம். அவள் பயமெல்லாம் வேறு. தாழ்ப்பாளை இழுத்ததற்கே பிள்ளையின் மணிக்கட்டு முறிந்திருந்தது.

"ரத்தம் தேறிடுச்சும்மா. தேத்தின மருந்துதான் எலும்பை மெலிய வெச்சிருக்கு," என்றார் டாக்டர். "பால், தயிர் குடுங்க. வெயில்ல நடக்க விடுங்க. பாரம் தாங்கினாத்தான் எலும்பு கெட்டிப்படும்."

பாலும் தயிரும் படுக்கைக்கே வந்தன. நடப்பதை மட்டும் சூராகான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடித்த கம்பளிகளுக்கு நடுவே மகளைக் கிடத்தினாள், பள்ளிக்கூடம் நின்றது.

"என்ன அண்ணி, பிள்ளையை இப்படிச் சுருட்டி வெச்சிருக்கீங்க? அந்துப்பூச்சி அரிச்சிருமா?" என்றாள் நாத்தனார் கனிஷாய்.

"விழுந்து ஒடிஞ்சா நீ வந்து ஒட்டுவியா?"

ஜன்னல் இடுக்கில் நுழைந்த காற்று சைகாலைத் தேடிப் பிடித்து ஊதியது. ஆனால் ஓசை மெலிந்து கீச்சென்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போனது. இலையுதிர்காலத்தில் கொசுவின் ரீங்காரமாக இருந்தது. பனிக்காலத்தில் நாய்களுக்கு மட்டும் கேட்டது. தெருநாய்களெல்லாம் காதை விறைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தன. காற்று சுழன்றடித்த ஒரு காலையில் மகளின் கணுக்காலில் காதை வைத்துப் பார்த்தாள் சூராகான். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் படுத்திருந்தேன்னா நாய்க்கும் கேக்காதும்மா," என்றாள் சைகால்.

சூராகான் கம்பளிகளை உருவி எறிந்தாள். மகளுக்குப் பூட்ஸ் மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு பாலம் வரை நடந்தாள். மறுநாளும் நடந்தாள். அந்த வாரமே சைகால் வழுக்கி விழுந்தாள். எதுவும் முறியவில்லை, எழுந்து பனியைத் தட்டிக்கொண்டாள். பனியில் உட்கார்ந்து அழுதது அம்மாதான்.

பிறகு வந்த வருடங்களில் ஓசை படிப்படியாகத் தடித்து இறங்கியது. பதிமூன்று வயதில் காளை உறுமுவது போலிருந்தது. குதிரையேறிப் போகும் வயதில் காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. இப்போது மலைக்காற்று வீசும் நாட்களில் வீட்டுத் தேநீர்க் கிண்ணங்கள் மெல்ல அதிரும். ஓஷ் நகரத்திலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துக் கதவை நோக்கி ஓடப்போனார்.

"உக்காருங்க, நிலநடுக்கம் இல்ல," என்றாள் சூராகான். "எம் பொண்ணு பாலத்தைத் தாண்டி வர்றா."

அவர் உட்கார்ந்தார். அவள் இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் தேநீர் ஊற்றினாள்.