ஒரு விரிப்புக்கு முப்பத்திரண்டு விநாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் வந்து, ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் என்னைத் திட்டக்கூடாது. இந்தக் கதையில் ஆறு பெண்கள் படுக்கை விரிப்பு மடிக்கிறார்கள். அந்த ஆறு பேரில் நான் ஒருத்தி. ஆனாலும் கதை எங்களுக்கு நேரம் குறிக்க வந்த ஒரு மாணவியைப் பற்றியது. அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் நாலு மாதமாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மேலாண்மைப் பட்ட மேற்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் ஒரு சலவை ஆலைக்கு ஆலோசனை வழங்க—"

செய்தித்தாள் வாசனை அடித்தது. அடுத்து இப்படி:

"கடிகாரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால்—"

ஆனால் என்ன? அவள் அழுததை நான் பார்க்கவேயில்லை. அந்த 'ஆனால்' அங்கேயே கிடக்கட்டும், பாவம்.

(கடிகாரம் என்பது நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் விரிப்பை உதறினால் ஒரு தட்டு, அடுக்கில் வைத்தால் இன்னொரு தட்டு. அவளுடைய சொந்தப் பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அட்டை எப்போதும் திரும்பியே கிடக்கும்.)

2

கடிகாரத்தின் மேலாண்மைப் படிப்பில் ஒரு ஏற்பாடு. நாலு நாலு பேராகப் பிரிந்து நிஜமான ஒரு நிறுவனத்துக்குள் போகவேண்டும். மூன்று மாதம் சுற்றிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, வழி சொல்லவேண்டும். கடைசி நாளில் முதலாளிக்கும் பேராசிரியருக்கும் முன்னால் நின்று பேசவேண்டும். அதில் சறுக்கினால் அந்த வருஷம் பட்டம் இல்லை. கடிகாரத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை உறுதியாகியிருந்தது. பட்டத்தோடு வந்தால்தான் வேலை.

எங்கள் ஆலைக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் வரும். பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு நுனி பிடித்து, இழுத்து, குழல் விளக்குக்கு நேரே தூக்கி, ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்து, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கவேண்டும். ஆறு பேர், மூன்று ஜோடி. என் ஜோடி பல்லழகி. சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். (இந்த எண்ணை நான் வேண்டுமென்று கொண்டுவரவில்லை. பல் எல்லாருக்கும் அத்தனைதான்.)

எங்கள் கூடத்துக்கு நேரம் குறிக்க வந்த முதல் நாள் கடிகாரம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. சமாதானப்படுத்தத்தான் சொன்னாள்.

"அக்கா, பயப்படாதீங்க. இது உங்களுக்குப் பரீட்சை இல்ல. எங்களுக்குத்தான்."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்று வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சையாம்டி," என்றாள் பல்லழகி, அவள் அந்தப் பக்கம் போனதும். "நம்மால ஃபெயிலாயிட்டா?"

"நாம என்னடி பண்ண முடியும்?"

"கை கொஞ்சம் வேகமா போனா தேய்ஞ்சா போயிடும்?"

அவ்வளவுதான். எங்களுக்கு நேரம் குறித்த இரண்டு நாளும் ஓடினோம். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கவில்லை. மாணவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், நாங்கள் சாப்பிடாமல், அடுக்கைப் பிரித்து ஓட்டை பார்த்து மறுபடி மடித்து வைத்தோம். நானூற்றுப் பன்னிரண்டு விரிப்பு. சராசரி, ஒரு விரிப்புக்கு முப்பத்திரண்டு விநாடி. வழக்கமாக எங்களுக்கு நாற்பத்தெட்டு ஆகும்.

நாற்பத்தெட்டு என்றால் மூன்று ஜோடி வேண்டும். முப்பத்திரண்டு என்றால் இரண்டு ஜோடி போதும். அவர்கள் ரிப்போர்ட்டின் நடுப்பக்கமே இதுதான். எங்களுக்கு அது அப்போது தெரியாது. மார்க் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

3

கடைசிப் பேச்சுக்கு முந்தின நாள் மதியம் கடிகாரம் தனியாக வந்தாள். கையில் பெரிய பிஸ்கட் டப்பா. நன்றி சொல்ல வந்திருக்கிறாள். போன் பைக்குள் இருந்தது. ஆனால் மூன்று மாதம் ஆலையின் எல்லாப் பிரிவிலும் நேரம் குறித்த பழக்கம் விடுமா? கதவருகே நின்றபடியே வாய்க்குள் எண்ண ஆரம்பித்திருக்கிறாள்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

இன்னொரு விரிப்பு. நாற்பத்தெட்டு. அடுத்தது ஐம்பது.

களைப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு, மதியம்தானே ஆகிறது என்று நினைத்தாள். பதினோரு விரிப்பு வரை எண்ணினாள். (நினைத்தாள், நினைத்தாள் என்று நான் எழுதுகிறேன். உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.)

"வா கண்ணு, மார்க் வந்துடுச்சா?" என்றாள் பல்லழகி.

"நாளைக்குத்தான் அக்கா." டப்பாவை நீட்டாமலே கேட்டாள். "அக்கா, இன்னிக்கு மெதுவா மடிக்கிறீங்களா?"

"இதுதாம்மா எங்க வேகம். அன்னிக்குப் பரீட்சைன்னு சொன்னியே, அதான் கொஞ்சம் ஓடினோம்."

"ஓடினீங்களா?"

"கவலப்படாத. சாப்பாட்டு நேரத்துல எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டோம். ஒரு கறை கூட வெளியே போகல."

"ஏங்க்கா அப்படிப் பண்ணீங்க?"

பல்லழகி என்னைப் பார்த்தாள். பதில் நான் சொல்லவேண்டும் போலிருந்தது. "நீ பாஸாகணும்ல," என்றேன்.

அவள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போன பிறகுதான், எங்கள் வேகத்தை வைத்து அவர்கள் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு உறைத்தது. நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். இந்தப் பகுதியை ஏழு முறை எழுதிவிட்டேன்; ஏழிலும் அதையேதான் சொல்கிறேன்.

4

இனி வருவது நான் பார்க்காத அறை. வங்கியில் மேலாளர் உட்காரும் கண்ணாடி அறை ஒன்று பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வெள்ளைப் பலகையையும் நாலு சுழல் நாற்காலியையும் போட்டுக்கொள்கிறேன். பேச்சும் என் கற்பனைதான். ஆனாலும் ஆலையில் அவர்கள் பேசிக்கொண்டதை மூன்று மாதம் காதில் வாங்கியிருக்கிறேன், ரொம்பத் தப்பியிருக்காது.

குழுத் தலைவனை அவர்களே கேப்டன் என்பார்கள். கணக்குப் போடுகிறவளுக்கு எக்ஸல் என்று பெயர். நாலாவதாக ஒருவன் இருந்தான். அவனுக்கு நாற்காலி இருக்கிறது, வசனம் இல்லை. ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒருவன் இருப்பானாமே.

"நம்ம நம்பர் தப்பு," என்றாள் கடிகாரம்.

"எந்த நம்பர்?"

"முப்பத்திரண்டு. அவங்க நமக்காக ஓடியிருக்காங்க. நான் இப்ப எண்ணிட்டு வரேன். நாற்பத்தெட்டு."

"எத்தனை ஷீட்டு எண்ணினே?" என்றாள் எக்ஸல்.

"பதினொண்ணு."

"நானூத்துப் பன்னண்டுக்கு எதிரா பதினொண்ணா? அதுவும் மனக்கணக்குல? ப்ரொபசர் சிரிப்பாருடி."

"அந்த நானூத்துப் பன்னண்டையும் மத்தியானம் பட்டினி கிடந்து திரும்ப மடிச்சாங்கடி. அந்த நேரத்தை யார் குறிச்சா? நாம சாப்பிட்டுட்டு இருந்தோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. (இந்த மௌனத்தை நாலாமவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.)

கேப்டன்தான் பேசினான். "சரி, உண்மையைச் சொல்லிடலாம். நாளைக்கு நீயே எழுந்து சொல்லு. முதலாளி காதுல எது விழும்னு நினைக்கிறே? சாப்பாட்டு நேரமா விழும்?"

"வேற என்ன விழும்?"

"'பிள்ளைங்க பரீட்சைன்னதும் முப்பத்திரண்டுல முடிக்கத் தெரிஞ்சுதா? அப்ப இத்தனை வருஷமா எனக்கு மட்டும் மெதுவா?' இதுதான் விழும். ஒரு ஜோடி போறதோட நிக்காது. ஆறு பேரையும் திருடிங்க மாதிரி பார்ப்பார்."

"அப்ப சொல்லாம விடச் சொல்றியா?"

"எனக்குத் தெரியலடி. நெஜமாவே தெரியல."

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முதல் பிரதியில் கேப்டனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். கதை சுலபமாக ஓடியது. பிறகுதான், ஆலையில் வண்டிச் சக்கரம் சிக்கிக்கொண்டபோது சட்டை அழுக்காகத் தரையில் படுத்து அதை எடுத்துவிட்டவன் அவன்தான் என்று ஞாபகம் வந்தது. கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லாமல் ஒரு கெட்ட காரியம் நடக்கிறதே, இதை எப்படி எழுதுவது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

5

கடிகாரம் அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகிறாள். ஜன்னல் ஓரம். மடியில் ரிப்போர்ட். அவளுக்காக நான் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து—

கிழித்தால்? அது போனால் ரிப்போர்ட்டில் மிஞ்சுவது, சோப்புத்தூளை எங்கே வைப்பது என்ற யோசனை மட்டும்தான். நாலு பேருக்கும் பட்டம் போகும். மற்ற மூன்று பேர் என்ன பாவம் செய்தார்கள்?

இன்னொன்றில் முப்பத்திரண்டை அழித்துவிட்டு நாற்பத்தெட்டு என்று போடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பாருங்கள், குறித்து வைத்த எண் நிஜமில்லை, நிஜமான எண்ணை யாரும் குறித்து வைக்கவில்லை. நிஜத்தை எழுதினால் அது போலிக் கணக்கு. அவள் நேர்மையான பெண். எந்தப் பக்கம் திரும்பினாலும் பொய் சொல்கிறவளாகிவிடுகிறாள்.

மூன்றாவதில் அவள் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்கிறாள் அம்மா. "சாப்பிட்டேன்," என்கிறாள். போனை வைத்துவிடுகிறாள். இது முடிவே இல்லை என்று தெரியும். இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை.

6

மறுநாள் காலை பத்து மணி. இது நான் என் கண்ணால் பார்த்தது.

எங்கள் மடிப்புக் கூடத்துக்கு மேலே முதலாளியின் அலுவலகம். பெரிய கண்ணாடி. உள்ளே முதலாளி, பேராசிரியர், நாலு பிள்ளைகள். சுவரில் படம் மாறுவது நிற மாற்றமாகத் தெரிந்தது: நீலம், வெள்ளை, மறுபடி நீலம். பேச்சு கேட்காது. கீழே இயந்திரச் சத்தம்.

கேப்டன் பேசினான். எக்ஸல் பேசினாள். பிறகு கடிகாரம் எழுந்தாள். கையில் காகிதம் இல்லை. அவள் ஆரம்பித்தபோது கேப்டன் தலையைக் குனிந்துகொண்டான். ரொம்ப நேரம் பேசினாள். ஒரு இடத்தில் இரண்டு கையையும் விரித்தாள். விரிப்பு பிடிப்பது போலவும் இருந்தது, என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது போலவும் இருந்தது.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து கண்ணாடிக்கு வந்து, குனிந்து எங்களைப் பார்த்தார்.

"ஏண்டி, பார்க்கிறாருடி," என்றாள் பல்லழகி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு விரிப்பு இழுத்தபடி நின்றது. "வேகமாவா, மெதுவாவா?"

"அவ என்ன சொன்னாளோ தெரியலையே."

"தெரியாம எப்படிடி மடிக்கிறது?"

முப்பத்திரண்டு என்று அவள் சொல்லியிருந்தால், நாங்கள் மெதுவாக மடித்தால் அவள் ரிப்போர்ட் அங்கேயே பொய்யாகிறது. நாற்பத்தெட்டு என்று சொல்லியிருந்தால், வேகமாக மடித்தால் அவளே பொய்யாகிறாள். இதற்கு முன்னால் ஒரு முறை யோசிக்காமல் அவளுக்கு உதவி செய்து பார்த்தாயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். எத்தனை ஜோடி மிஞ்சியது, யாருக்குப் பட்டம் கிடைத்தது, எல்லாம் தெரியும். சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சொன்னால் அதை வைத்து நீங்கள் அவளை அளந்துவிடுவீர்கள். அவள் உள்ளதைச் சொல்லியும் அவர் கேட்காமல் போயிருக்கலாம். அவள் வாயை மூடிக்கொண்டும் அவர் மனம் மாறியிருக்கலாம். எண்ணை வைத்து ஆளை அளந்ததில் வந்த வினைதானே இவ்வளவும்.

அதனால் விரிப்பை இங்கேயே நிறுத்திவிட்டு, பல்லழகியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் இடத்தில் உங்களை நிற்கவைக்கிறேன். இரண்டு நுனியையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மேலே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் அவளும் பார்க்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை. என்னை நோக்கி நடந்து வாருங்கள். நீங்கள் எந்த வேகத்தில் வருகிறீர்களோ, அந்த வேகத்தில் நானும் வருகிறேன்.