தலைவர் போட்ட சாம்பிராணி

எங்கள் மகளிர் தேயிலைச் சங்கத்துக்குத் தலைவர் வீரசிங்கம். ஆமாம், மீசை வைத்த ஆம்பளைதான். வெளியாட்களிடம் பேச ஓர் ஆண் வேண்டுமாம். கொழுந்தை வாட்டி, கையால் கசக்கி, வறுத்தெடுப்பது நாங்கள். மாலை போட்டுக்கொள்வது அவர்.

கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்துக் கொழுந்து அது. இரண்டு வருடம் கருக்கியும் கெடுத்தும் கற்றுக்கொண்டு, கடைசியில் ஐந்து கிலோ நல்ல தேயிலை எடுத்தேன். அதைக் குடித்துப் பார்க்கக் கொழும்பிலிருந்து நளீரா என்ற வியாபாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால், விடிந்ததும் தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடி, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் பிழைப்பை விட்டுவிடலாம். எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவர் வரும் காலையில் வீரசிங்கம் சங்க அறையில் பூசை வைத்தார். ஐந்து கிலோ பெட்டியையும் திறந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சாம்பிராணிப் புகையை அதன் மேலேயே மூன்று சுற்றுச் சுற்றினார்.

“மூடி வைங்கண்ணே. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கும்.”

“சாமி காரியத்துல வாய வைக்காத, கலாராணி. நல்லது நடக்கும்.”

நடந்தது. நளீரா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் துப்பினார்.

“சாம்பிராணி வாசம் அடிக்குதே. இத யாருக்கு விக்கிறது? அடுத்த மாசம் இந்தப் பக்கம் வருவேன். அப்ப இன்னொரு தடவ பாக்குறேன். அதோட சரி.”

வண்டி பெரகலப் பக்கம் திரும்பியதும் தலைவர் எங்கள் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

“தீட்டுக்காரி எவளோ தொட்டிருக்கா. அதான் காரியம் கெட்டுச்சு. இனிமே பொம்பள கை படக்கூடாது. நானே செய்யிறேன்.”

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். இந்த மனுசனுக்குத் தேநீர் ஊற்றிக் குடிக்கக்கூடத் தெரியாது. பெண்சாதி ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

நாலாம் நாள் ஒரு பை கொழுந்தோடு என் வாசலில் வந்து நின்றார். குளித்து, பூசை முடித்து, நெற்றி நிறையத் திருநீறு.

“கலாராணி, இத எவ்வளவு நேரம் வாட்டணும்? கொஞ்சம் காட்டிக்குடு.”

சொல்லிக்கொண்டே காலை உள்ளே வைத்தார். அடுத்த மாதத்துக்கான என் கொழுந்து உள்ளே பாயில் பரப்பிக் கிடந்தது. நான் கையை நீட்டி வாசலை மறித்தேன்.

“அங்கேயே நில்லுங்கண்ணே. உங்க மேல சாம்பிராணி வாடை அடிக்குது. தேயிலைக்கு அது தீட்டு.”